ஆசனமும் அவதானமும்

யோகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் இன்று நம்மவர் மனக்கண்ணில் எழுவது ஓர் உடற்றோற்றம். தலை கீழாகவும் கால் மேலாகவும் நிற்கும் ஒருவர். அல்லது முதுகை வில்லென வளைத்துத் தம் குதிக்காலைத் தாமே பற்றிநிற்கும் ஓர் இளைஞர். பாடசாலை விழாக்களிலும் சங்கங்களின் ஆண்டு விழாக்களிலும் மேடையேறுவது இத்தோற்றமே. சபையோர் கைதட்டுகின்றனர், நடுவர் புள்ளியிடுகின்றனர், வளைந்தவர் பரிசு பெறுகின்றார். வளைய இயலாத நம் பெரியோர், யோகம் தமக்குரியதன்று என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். முழங்கால் நோவால் சப்பணமிட்டு இருக்கவும் இயலாத ஒரு முதியவர், தம் வாழ்நாள் முழுவதும் விடியலில் எழுந்து திருநீறணிந்து கண்மூடி இருந்தவராயினும், யோகம் அறியாதவராகி விடுகின்றார்! இந்நிலை எவ்வாறு வந்தது? யோகத்திற் பழையது எது, புதியது எது? இவற்றைச் சரித்திர வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். வடமொழியில் ஆசனம் என்பது இருத்தல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்தது. இருக்கை என்பதே அதன் நேர்ப்பொருள். அரசனுக்குச் சிங்காசனம் இருக்கை. யோகிக்குத் தருப்பையும் மான்றோலும் இருக்கை. இருப்பதற்கென்று ஏற்பட்ட சொல் நாளடைவில் நிற்பதற்கும் புரள்வதற்கும் தலைகீழாவதற்கும் பெயராயிற்று. சொல்லின் பொருள் விரிவது குற்றமன்று. ஆயினும் விரிந்ததை மூலமென்று மயங்குவது வேறு விஷயம்.

யோகநூல்களுள் தலைமையுடையதாகப் போற்றப்படுவது பதஞ்சலியாரின் யோக சூத்திரம். கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது அந்நூல் என்பர் ஆராய்ச்சியாளர் பலர். நான்கு பாதங்களாக வகுக்கப்பட்ட அந்நூலிலே ஏறக்குறைய 195 சூத்திரங்கள் உள. அவற்றுள் ஆசனத்தைப் பற்றிக் கூறுவன எத்தனை? மூன்றே மூன்று! அம்மூன்றும் இரண்டாம் பாதத்திலே அடுத்தடுத்து வருகின்றன. இருக்கை அசைவற்றதாகவும் சுகமாகவும் இருத்தல் வேண்டும். முயற்சியின் இறுக்கத்தைத் தளர்த்தி, எல்லையற்றதொன்றில் மனத்தைப் பொருத்துவதால் அது கைகூடும். கைகூடியவனைக் குளிர் வெப்பம் முதலிய இரட்டைகள் தாக்கமாட்டா. இவ்வளவே அவர் கூறியது. ஓர் ஆசனத்தின் பெயரைத்தானும் அவர் சொல்லவில்லை. பெயர்களைச் சொன்னவர் உரைகாரர். அவரும் பத்துப் பன்னிரண்டுடன் நிறுத்திக்கொண்டார். அவையும் பெரும்பாலும் இருக்கைகளே.

நூலின் பெரும்பகுதி எதைப் பற்றியது? சித்தத்தைப் பற்றியது. அது எவ்வாறு அலைகின்றது, எதனால் அலைகின்றது, அலைவதை எவ்வாறு அடக்குவது என்பன பற்றியது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்ற எட்டு உறுப்புக்களுள் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன் நிற்பவை கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, தூய்மை, மனநிறைவு போன்ற ஒழுக்கங்கள். பின் நிற்பவை புலன்களை உள்ளே திருப்புவதும் மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும். மேடைகளிலே நாம் காண்பது எட்டில் ஒன்றை. ஒழுக்கமும் உள்நோக்கும் கண்ணுக்குத் தோன்றாதனவாதலின் மேடைக்கு ஏறவில்லை போலும்.

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயமும் இவ்வாறே. தூய இடத்தில், மிக உயரமும் மிகத் தாழ்வுமில்லாத இருக்கையில், உடலையும் கழுத்தையும் தலையையும் நேராக வைத்து இருக்கச் சொல்கின்றது. மிகுதியாக உண்பவனுக்கும் பட்டினி கிடப்பவனுக்கும் யோகம் இல்லை என்கின்றது. பின்னர், மனம் ஓடுந்தோறும் அதனை மீட்டு உள்ளே கொண்டுவா என்கின்றது. அருச்சுனன், காற்றைப் பிடிப்பது போன்ற காரியமல்லவா இது என்று முறையிடுகின்றான். இடுப்பு வளையவில்லை என்று அவன் முறையிடவில்லை.

இனி நம் தமிழுக்கு வருவோம். பத்தாந் திருமுறையாகிய திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரிப்பது. நாம் கையாளும் பதிப்புகளில் ஆதனம் என்ற தலைப்பில் உள்ள பாடல்கள் ஆறு. தியானம் என்ற தலைப்பில் உள்ளவை இருபது. திருமூல நாயனார் பதுமம், பத்திரம், கோமுகம், வீரம், சிங்கம், சுகாதனம் முதலியவற்றின் பெயர்களைச் சொல்லி, இன்னும் பலவுண்டு என்று குறிப்பிட்டு, மேலே நடந்துவிடுகின்றார். உடம்பை அவர் இகழ்ந்தவர் என்று எவரும் எண்ணற்க. முன்னர் உடம்பை இழிவென்று கருதியிருந்ததாகவும், அதனுள்ளே உறையும் பரம்பொருளைக் கண்டபின் அதனைப் பேணிக் காப்பதாகவும் பாடியவர் அவரே. கோயிலைப் பேணுவது உள்ளே எழுந்தருளியிருப்பவனை முன்னிட்டு. கோபுரத்தை மட்டும் நாடோறும் வர்ணம் பூசிக்கொண்டு மூலத்தானத்தில் விளக்கேற்றாதவரை என்னென்பது!

அங்ஙனமாயின் அடயோக நூல்கள் உடலைப் பற்றியே பேசுகின்றனவே என்று நம் இளைஞர் கேட்கலாம். நல்ல கேள்வி. சுவாத்மாராமர் என்பார் 15ஆம் நூற்றாண்டிற் செய்த ஹடயோகப் பிரதீபிகை இவ்வகை நூல்களுள் மிகவும் பெயர்பெற்றது. சிவபெருமான் 84 ஆசனங்களை அருளினார் என்று கூறும் அந்நூல் விவரிப்பதோ பதினைந்தை. அவற்றுள்ளும் நான்கைச் சிறந்தனவாகத் தேர்ந்து, அந்நான்கினும் சித்தாசனத்தை முதன்மையாக்குகின்றது. சித்தாசனம் என்பது குதிக்கால்களை மடக்கி நிமிர்ந்து இருப்பது, வேறொன்றுமில்லை. அடயோகம் இராசயோகத்துக்கு ஏணி என்பது அந்நூலின் கொள்கை. அதன் கடைசி அத்தியாயம் சமாதியைப் பற்றியது. பின்வந்த கேரண்ட சங்கிதை 32 ஆசனங்களை விவரிக்கின்றது.

எனினும் உண்மையை ஒருபக்கமாகச் சொல்லுதல் தகாது. 18ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஹடாப்பியாச பத்ததி என்னும் நூல் 112 ஆசனங்களை விவரிக்கின்றது. கயிற்றிலேறிச் செய்வனவும் அவற்றுள் உண்டு. ஆகவே பலவகை ஆசனங்கள் யாவும் நேற்று மேனாட்டாரிடமிருந்து இரவல் வாங்கியவை என்று சிலர் கூறுவது பொருந்தாது. பழையன பல இருந்தன. ஆனால் அவை துறவிகளிடையே, குருவின் அருகில், வாழ்நாள் விரதமாக நடந்தவை. காட்சிக்கு வைக்கப்பட்டவை அல்ல. தெருவோரத்தில் உடலை முறுக்கிக் காட்டிக் காசு பெற்ற சிலரைக் கண்டே, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் ஆங்கிலம் கற்ற நம்மவரும் அடயோகத்தை அருவருத்தனர்.

அக்காலத்திலேதான் சுவாமி விவேகானந்தர் தோன்றினார். 1896இல் வெளிவந்த அவருடைய இராசயோகம் என்ற நூல் பதஞ்சலியாரை உலகறியச் செய்தது. அடயோகத்தின் நோக்கம் உடலை வலிமைப்படுத்துவதே; அதன் பயிற்சிகள் கடினமானவை, ஆன்ம வளர்ச்சிக்கு அதிகம் உதவாதவை என்று கூறி அவர் அதை ஒதுக்கிவிட்டார். அடுத்த ஆண்டு, 1897 ஜனவரி 15ஆந் திகதி, மேனாட்டு யாத்திரை முடித்து அவர் முதன்முதற் காலடி வைத்த இடம் நமது கொழும்பு நகரமே. கண்டி, அனுராதபுரம் வழியாக வண்டிப் பயணஞ் செய்து யாழ்ப்பாணம் அடைந்து இந்துக் கல்லூரியிலே வேதாந்தத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். வாலிபர் உடல் வலிமை பெறவேண்டும் என்பதை அவரைப்போல் வற்புறுத்தியவர் இலர். பந்தாடுங்கள் என்றும் சொன்னவர் அவர். ஆனால் பந்தாட்டத்தைப் பந்தாட்டமென்றே சொன்னார். அதற்கு யோகமென்று பெயரிடவில்லை.

பின்னர் உடற்பயிற்சி எவ்வாறு யோகத்தின் முகமாயிற்று? இதற்குக் காரணங்கள் பல. அடிமைப்பட்ட நாட்டார் உடலிலும் தளர்ந்தவர் என்ற ஏளனம் நம்மவர் நெஞ்சைச் சுட்டது. பாடசாலைகளிலே ஆங்கில முறைத் தேகாப்பியாசமும் கவாத்தும் நுழைந்தன. சாண்டோ என்ற மேனாட்டுப் பயில்வானின் பெயர் சிற்றூர்களிலும் வழங்கிற்று. நமக்கென்று ஒரு தேகாப்பியாச முறை இல்லையா என்ற கேள்வி எழுந்தபோது, ஆசனங்கள் விடையாயின. யோகேந்திரர் பம்பாயில் 1918இலும், குவலயானந்தர் லோனாவ்லாவில் 1924இலும் நிலையங்கள் நிறுவினர். குவலயானந்தர் எக்ஸ்-ரே கருவி முதலியன கொண்டு ஆசனங்களின் பயனை ஆராய முற்பட்டார்.

ஆயினும் இக்கதையின் நடுநாயகம் மைசூரே. 1933இல் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவுடன் ஜகன்மோகன அரண்மனையில் ஒரு யோகசாலை திறக்கப்பட்டது. அதன் ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். வேதமும் தர்க்கமும் ஆயுர்வேதமும் கற்ற பெரும் பண்டிதர் அவர். அரண்மனைச் சிறுவருக்குக் கற்பிக்கவேண்டும்; மன்னர் விருந்தினர்முன் காட்டவேண்டும்; யோகத்தில் நம்பிக்கையிழந்த பொதுமக்களைக் கவரவேண்டும். ஆகவே மாணவர் ஓர் ஆசனத்திலிருந்து இன்னோர் ஆசனத்துக்குப் பாய்ந்து செல்லும் விரைவான முறை அங்கே வளர்ந்தது. ஊரூராகச் சென்று காட்சிகள் நடத்தினர். 1938இல் ஆசாரியரும் இளம் மாணவரான பி.கே.எஸ். ஐயங்காரும் ஆசனஞ் செய்யும் சலனப்படம் ஒன்றும் எடுக்கப்பட்டது. மார்க் சிங்கிள்டன் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் 2010இல் வெளியிட்ட நூலில், மேனாட்டுத் தேகாப்பியாச முறைகளின் சாயல் இக்காலத்து ஆசனப் பயிற்சியில் மிகுதியும் உண்டென்று வாதிட்டுள்ளார். அவர் கூற்றை மறுப்பாரும் உளர். மேற்சொன்ன 112 ஆசனங்களை நோக்குமிடத்து, உண்மை இரண்டுக்கும் இடையில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகின்றது.

நாம் இளைஞருக்கு வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இச்சரித்திரத்தின் பிற்பகுதியை. அது பலருக்கும் தெரியாது. கிருஷ்ணமாச்சாரியார் 1950களின் தொடக்கத்திற் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவரிடம் வந்தவர்கள் அரண்மனைச் சிறுவர் அல்லர். நோயாளர், முதியோர், கருவுற்ற பெண்கள், அலுவலகத்தில் இருந்து முதுகு கூனியவர்கள். அவர்களுக்கு அவர் பாய்ச்சலைக் கற்பிக்கவில்லை. ஆளுக்கேற்ற ஆசனம் என்றார். மூச்சை முதலில் வைத்தார். கையை உயர்த்துமுன் மூச்சு உள்ளே செல்லத் தொடங்கவேண்டும். கை நின்றபின்னரே மூச்சு நிற்கவேண்டும். இவ்வாறு அசைவு முழுவதும் மூச்சினுள் அடங்கியிருக்கவேண்டும் என்பது அவர் வழிமுறை. இதனைச் செய்துபார்த்தவர் அறிவர்: மனம் சிறிது வெளியே போனாலும் மூச்சும் கையும் பிரிந்துவிடும். ஆகவே இது உடலுக்குப் பயிற்சியா, மனத்துக்குப் பயிற்சியா என்று பிரித்தறிதல் அரிது. அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அம்முறையையே வளர்த்தது. ஆசாரியார் 1989இல், நூறாண்டு கடந்தபின், மறைந்தார். உலகமோ அவருடைய மைசூர்ப் பருவத்தை எடுத்துக்கொண்டு சென்னைப் பருவத்தை மறந்துவிட்டது.

மறந்ததற்கு நிழற்படமும் ஒரு காரணம். வயலின் மேதை யெஹூதி மெனுஹின் 1952இல் ஐயங்காரைச் சந்தித்த பின்னர் ஐயங்காரின் புகழ் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. 1966இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலில் ஏறக்குறைய 600 நிழற்படங்கள் உள. தம் உடலின் ஒவ்வோர் அணுவிலும் அறிவு பரவவேண்டும் என்று கற்பித்த ஆசிரியர் அவர். வெறும் வளைவை அவர் ஒருபோதும் போற்றவில்லை. ஆனால் படத்திலே விழுவது வளைவு மாத்திரமே. படத்தைப் பார்த்துப் பயில்பவர் தம் உடலை உள்ளிருந்து அறிவதை விட்டு, வெளியே நின்று பார்க்கும் ஒருவரின் கண்ணால் அளக்கத் தொடங்குகின்றார். இன்று கைத்தொலைபேசியில் தம் ஆசனத்தைத் தாமே படமெடுத்து உலகுக்கு அனுப்பும் இளைஞர், அந்த வழியில் இன்னும் நெடுந்தூரம் சென்றுவிட்டனர்.

இந்தக் கதையில் நமது இலங்கைக்கும் பங்குண்டு. நெல்லைச் சீமையின் பத்தமடையிற் பிறந்து, மலாயாவில் வைத்தியராயிருந்து துறவியான சுவாமி சிவானந்தர் 1950இல் இந்நாட்டுக்கு விஜயஞ் செய்தார். அவருடைய சீடர் சுவாமி சச்சிதானந்தர் 1953இல் இங்கு வந்து கண்டியிலே தபோவனம் அமைத்துப் பல ஆண்டுகள் தொண்டாற்றினார். 1966இல் அவர் நியூயோர்க் சென்றார். 1969 ஆகஸ்டில் வூட்ஸ்டொக் என்ற இடத்தில் இலட்சக்கணக்கான அமெரிக்க இளைஞர் கூடிய சங்கீத விழாவைத் தொடக்கி வைத்து உரையாற்றியவர், கண்டி மலைச்சாரலில் நம் சனங்களோடு வாழ்ந்த அந்தக் கோயம்புத்தூர்த் துறவியே.

இன்னொரு பங்கும் உண்டு; அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. இந்நாட்டுப் பௌத்த பிக்குகள் பாளி மொழியிற் பேணிவந்த சுத்தங்களுள் சதிபட்டானம் ஒன்று. நடக்கும்போது நடக்கின்றேன் என்று அறிவது, நெடுமூச்சு விடும்போது நெடுமூச்சு என்று அறிவது, உடலையும் உணர்ச்சியையும் மனத்தையும் உள்ளவாறே நோக்குவது, இதுவே சதி. வடமொழியில் ஸ்மிருதி, நினைவு. இலங்கை நிர்வாக சேவையில் உத்தியோகம் பார்த்து இங்கேயே பாளி கற்கத் தொடங்கிய ரிஸ் டேவிட்ஸ் என்ற ஆங்கிலேயர், 1881இல் இச்சொல்லை மைண்ட்புல்னெஸ் என்று மொழிபெயர்த்தார். கண்டியில் வாழ்ந்த ஜெர்மானியத் துறவி ஞானபொனிக தேரர் 1954இல் இதனை விளக்கி எழுதிய நூல் கொழும்பிலேயே அச்சாயிற்று. 1979இல் அமெரிக்காவிலே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையில், தீராத நோவுடையவர்களுக்காக ஜோன் கபட்-சின் ஒரு பயிற்சியை ஏற்படுத்தினார். எட்டு வாரம் நடைபெறும் அப்பயிற்சியில் பௌத்தரின் சதியும் மெதுவாகச் செய்யும் ஆசனங்களும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அங்கே எவரும் எவரையும் வெல்வதில்லை. கை எவ்வளவு உயர்ந்தது என்று பார்ப்பதில்லை. உயரும்போது என்ன உணர்கின்றாய் என்று கேட்கின்றனர். பதஞ்சலியாரின் மூன்று சூத்திரங்களுக்கு இது மிகவும் அணித்தாயிருப்பதை நாம் வியப்புடன் காண்கின்றோம்.

அச்சொல்லுக்குத் தமிழில் யாது கூறலாம்? நம் நாட்டுத் தாய்மார் ‘அவதானமாய்ப் போ, பிள்ளை’ என்று வாசலில் நின்று சொல்லும் அந்த அவதானமே போதும். சதாவதானம் கதிரைவேற்பிள்ளையைப் போன்ற யாழ்ப்பாணத்துப் புலவர், ஒரே வேளையில் நூறு பொருளில் நினைவைச் செலுத்திச் சபையோரை வியப்பித்தனர். யோகியின் அவதானமோ ஒன்றிலே. வியப்பதற்குச் சபையும் இல்லை.

இவ்வாறு ஒருபுறம் அவதானம் மீள, மறுபுறம் போட்டியும் வளர்ந்தது. 2014 டிசம்பர் 11ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, 177 நாடுகளின் அனுசரணையோடு, ஜூன் 21ஐ யோகதினமாக ஏற்றது. 2015இல் முதல் விழா நடந்தது. 2020 டிசம்பரில் இந்திய அரசாங்கம் யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. இதனால் ஏழைப் பிள்ளைகள் சிலர் பதக்கமும் கல்வி வசதியும் பெறுவர். அதை நாம் வெறுக்கவில்லை. ஆனால் போட்டிக்கென்று ஆயத்தஞ் செய்யும் பிள்ளை, நோவு வரும் எல்லையைத் தாண்டப் பழகுகின்றது. கழுத்திலும் முழங்காலிலும் முதுகெலும்பிலும் ஏற்படும் காயங்கள் இதன் விலை. நோவு என்பது உடல் சொல்லும் வார்த்தை. அதைக் கேட்கப் பழகுவதற்கென்று ஏற்பட்ட பயிற்சியினாலேயே அதைக் கேளாதிருக்கப் பழகுவது எத்துணை விபரீதம்!

யாழ்ப்பாணத்தார் நினைவிலே வைக்கவேண்டிய ஒருவர் சிவயோக சுவாமிகள். 1872இற் பிறந்து 1964இற் சமாதியடைந்தவர். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளிடம் ஆட்பட்டு, கொழும்புத்துறையில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். பெயரிலேயே யோகத்தையுடைய அப்பெரியார் எவருக்கும் ஆசனக் காட்சி நடத்தவில்லை. வக்கீலும் விவசாயியும் மாணவரும் அவரை நாடிச் சென்றனர்; தத்தம் தொழிலைச் சிவதொண்டாகச் செய்யவும் சும்மா இருக்கவும் கற்றனர். 1953இல் யாழ்ப்பாணத்தில் ஏற்பட்ட சிவதொண்டன் நிலையத்திலே கால் கழுவி உள்ளே புகுபவர் பேச்சை வெளியே விட்டுவிடவேண்டும். தியான மண்டபத்தில் இருபது வயதினரும் எண்பது வயதினரும் பக்கத்திற் பக்கமாக இருக்கலாம்.

இவ்வளவும் கூறியபின் நம் சங்கத்தாரிடம் ஒன்று கேட்க விரும்புகின்றோம். ஆண்டு விழாவில் ஆசனப் போட்டி நடக்கட்டும், பிள்ளைகள் மகிழட்டும். அதனோடு, வெள்ளிக்கிழமைகளில் மாலைப் பூசை முடிந்தபின் மண்டபத்தில் அரைமணி நேரம் ஒதுக்கலாகாதா? பாய் விரித்து இருக்க இயன்றவர் பாயில் இருக்கட்டும். முழங்கால் மடங்காத பெரியோருக்குச் சுவரோரமாகக் கதிரைகள் போடுவோம். முதற் பத்து நிமிடம் கைகளையும் தோள்களையும் மூச்சோடு மெதுவாக அசைத்தல். அடுத்த இருபது நிமிடம் நிமிர்ந்து இருந்து மூச்சைக் கவனித்தல், அல்லது ஐந்தெழுத்தை உள்ளே எண்ணுதல். மனம் ஓடும், ஓடினால் மீட்டுக்கொள்ளலாம். கைத்தொலைபேசிகளை வாசலில் ஒரு பெட்டியில் இட்டு வரலாம். ஆசிரியரைத் தேடி அலையவேண்டியதில்லை. நம்முள்ளே பல ஆண்டுகளாக விடியலில் இருந்து பழகிய முதியோர் சிலர் இருக்கின்றனர். முதல் வெள்ளிக்கு அவர்களையே அழைப்போம்.